சைக்கிளில் தப்பிய குரங்கு

நியூயார்க்கில் ஐந்தாம் அவென்யூவும் 92-வது தெருவும் சந்திக்கும் முனையில் பழைய பிரெஞ்சு மாளிகை போன்ற ஒரு கட்டடம் இருக்கிறது. ஃபெலிக்ஸ் வார்பர்க் என்ற வங்கி முதலாளி 1908-ல் தன் குடும்பத்துக்காகக் கட்டிய வீடு. கணவர் இறந்த பிறகு அவர் மனைவி 1944-ல் அதைத் தானமாகக் கொடுத்துவிட்டார். இன்று அது யூத அருங்காட்சியகம். 2010 மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை அந்த வீட்டுச் சுவர்களில் ஒரு குட்டிக் குரங்கின் ஆட்டம் நடந்தது. 'க்யூரியஸ் ஜார்ஜ்' படப் புத்தகங்களை உருவாக்கிய ஹான்ஸ் ரே, மார்கரெட் ரே தம்பதியின் மூல ஓவியங்கள், கிட்டத்தட்ட எண்பது, அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தன.

வார்பர்க் பிறந்தது ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில். ஹான்ஸும் மார்கரெட்டும் அதே ஊர்க்காரர்கள்தான். முன்னவர் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில், பெரிய வங்கிக் குடும்பத்துப் பிள்ளையாக, சகல வசதியோடும் அமெரிக்கா போனவர். பின்னவர்கள் 1940 அக்டோபரில், மூட்டை முடிச்சுகளையெல்லாம் தொலைத்துவிட்டு, சில கதைகளையும் ஓவியங்களையும் மட்டும் கையில் வைத்துக்கொண்டு நியூயார்க் துறைமுகத்தில் வந்து இறங்கியவர்கள். எழுபது ஆண்டுகள் கழித்து இவர்களுடைய ஓவியங்கள் அவருடைய வீட்டில் மாட்டப்பட்டன.

ஒரு குழந்தைக் கதைக் குரங்குக்கு யூத அருங்காட்சியகத்தில் என்ன வேலை என்று கேட்டால், பதில் ஓவியங்களுக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டிருந்த காகிதங்களில் இருந்தது. பாக்கெட் டைரிகள், கடிதங்கள், ஒரு தந்தி. குழந்தைகள் குரங்கைப் பார்க்க, அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்த பெரியவர்கள் அந்தக் காகிதங்களின் முன்னால் நின்றுவிடக்கூடிய கண்காட்சி அது. அந்தக் காகிதங்களின் கதை தெரிந்தால்தான் சுவரில் இருந்ததன் அருமை புரியும்.

ஹான்ஸ் ஆகஸ்டோ ரேயர்ஸ்பாக் பிறந்தது 1898-ல். ஹாம்பர்க்கில் ஹேகன்பெக் மிருகக்காட்சிசாலைக்கு அருகில் வளர்ந்தவர். மாடு, ஆடுகளைவிட யானையும் கங்காருவும்தான் தனக்கு அதிகப் பழக்கம் என்று பின்னாளில் சொல்வார். முதல் உலகப் போரில் ஜெர்மன் ராணுவத்தில் இருந்தார். திரும்பி வந்து சர்க்கஸ் கம்பெனிகளுக்குப் போஸ்டர் வரைந்தார். அதில் வயிறு நிறையவில்லை. 1920-களின் நடுவில் பிரேசிலுக்குக் கப்பல் ஏறி, ரியோ டி ஜெனீரோவில் வேலை தேடிக்கொண்டார். குளியல் தொட்டிகளும் வாஷ் பேசின்களும் விற்கும் வேலை. அமேசான் ஆற்றங்கரை ஊர்களுக்கெல்லாம் போய் விற்றார். போகிற இடத்தில் குரங்குகளைப் பார்த்து வரைந்து வைத்துக்கொண்டார்.

மார்கரெட் வால்ட்ஸ்டைன் அவரைவிட எட்டு வயது இளையவர். டெஸ்ஸாவிலிருந்த பௌஹவுஸ் கலைப் பள்ளியில் படித்தவர். புகைப்படமும் விளம்பரத் தொழிலும் தெரிந்தவர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த பிறகு ஜெர்மனியில் ஒரு யூதப் பெண்ணுக்கு அந்தத் தொழிலில் எதிர்காலம் இல்லை. 1935-ல் ரியோ போனார். ஹான்ஸ் அவருக்குச் சிறு வயதிலிருந்தே தெரிந்த குடும்ப நண்பர். தொட்டி விற்கிற வேலையை விடச் சொல்லி அவரை வரைய உட்கார வைத்தது மார்கரெட்தான். இருவரும் சேர்ந்து ஒரு சிறு விளம்பர நிறுவனம் தொடங்கினார்கள், அதே ஆண்டு கல்யாணமும் செய்துகொண்டார்கள். பிரேசில் குடியுரிமையும் வாங்கினார்கள். பிரேசில்காரர்கள் வாயில் நுழையாத 'ரேயர்ஸ்பாக்' சுருங்கி 'ரே' ஆயிற்று. அந்தக் குடியுரிமைதான் பிற்பாடு அவர்கள் உயிரைக் காப்பாற்றப் போகிறது.

ரியோ வீட்டில் இரண்டு குட்டி மார்மோசெட் குரங்குகள் வளர்த்தார்கள். ஐரோப்பாவுக்குத் தேனிலவு கிளம்பியபோது அவற்றையும் கூட்டிக்கொண்டு போனார்கள். கப்பலில் குளிரும் மழையும். மார்கரெட் அவற்றுக்குச் சின்னதாக ஸ்வெட்டர் பின்னிப் போட்டார். அப்படியும் இரண்டும் வழியிலேயே இறந்துவிட்டன. குரங்கு இல்லாத அந்தத் தம்பதி பாரிஸில் மோமார்த் பகுதியின் தெராஸ் ஹோட்டலில் தங்கினார்கள். சில வாரம் என்று வந்தவர்கள் நான்கு ஆண்டு இருந்துவிட்டார்கள்.

ஹான்ஸ் பத்திரிகைக்கு வரைந்த ஒட்டகச்சிவிங்கிப் படங்களைப் பார்த்து, இதைப் புத்தகமாக்கலாமே என்று கலிமார் பதிப்பகம் கேட்டது. அப்படி வந்ததுதான் 1939-ல் வெளியான 'ராஃபியும் ஒன்பது குரங்குகளும்'. தனிமையில் வாடும் ஒட்டகச்சிவிங்கியின் வீட்டில் ஒன்பது குரங்குகள் வந்து குடியேறும் கதை. அந்த ஒன்பதில் ஒன்று மட்டும் கொஞ்சம் அதிகப்பிரசங்கி. எதையும் தொட்டுப் பார்க்காமல் இருக்கத் தெரியாதது. அதன் பெயர் ஃபிஃபி. அதற்குத் தனிக் கதை எழுத வேண்டும் என்று இருவருக்கும் தோன்றியது. ஃபிஃபிதான் பின்னால் ஜார்ஜ்.

1939 செப்டம்பரில் போர் தொடங்கியபோது இருவரும் தெற்கு பிரான்சில் நண்பர்களின் பழைய மாளிகை ஒன்றில் தங்கி வேலை செய்துகொண்டிருந்தார்கள். இவர்கள் நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். பிரெஞ்சுக்காரர்களுக்கு இவர்கள் ஜெர்மன் வாடையோடு பேசும் அந்நியர்கள், ஒருவேளை உளவாளிகள். ஜெர்மானியர்களுக்கோ இவர்கள் யூதர்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆபத்து. மாளிகையில் மாடி அறைக்குள்ளேயே அடைந்து கிடக்கும் இந்த இரண்டு பேர் என்னதான் செய்கிறார்கள் என்று கிராமத்தில் சந்தேகம் கிளம்பி, போலீஸ் வந்து சோதனை போட்டது. வெடிகுண்டு தேடி வந்தவர்களுக்குக் கிடைத்தது குரங்குப் படங்கள். பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். அந்த மாதம் ஹான்ஸ் எழுதிய ஒரு கடிதம் இருக்கிறது. போர் நேரத்தில் குழந்தைப் புத்தகம் பற்றி யோசிப்பது அபத்தமாகத் தோன்றினாலும் வாழ்க்கை நடக்கிறது, பதிப்பாளர் பதிப்பிக்கிறார், ஓவியர் வரைகிறார் என்கிற பொருளில் போகிறது அது.

பாரிஸ் திரும்பினார்கள். 1940 ஜூனில் ஜெர்மன் படை நெருங்கியது. ரயில்கள் நின்றுவிட்டன, இவர்களிடம் காரும் கிடையாது. சைக்கிள் வாங்கலாம் என்று போனால் கடைகள் காலி. லட்சக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் தெற்கே ஓடிக்கொண்டிருந்த ஊரில் சைக்கிள் எங்கே மிஞ்சும்? இரண்டு பேர் சேர்ந்து மிதிக்கும் நீள சைக்கிள் ஒன்றுதான் கிடைத்தது. ஓட்டிப் பார்த்ததில் மார்கரெட்டுக்கு அது சரிப்படவில்லை. ஹான்ஸ் உதிரிப் பாகங்களை வாங்கி, தன் கையாலேயே இரண்டு சைக்கிள்களைப் பூட்டி முடித்தார். வாழ்நாளில் மெக்கானிக் வேலை பார்த்திராத ஓவியர் செய்த வேலை அது.

ஜூன் 12 விடியற்காலையில் கிளம்பினார்கள். குளிர்கால கோட்டு, கொஞ்சம் ரொட்டி, பாலாடைக்கட்டி, தண்ணீர், ஹான்ஸின் புகைக்குழாய், அப்புறம் கதைகளும் ஓவியங்களும். இரண்டே நாளில், ஜூன் 14 அன்று, ஜெர்மன் படை பாரிஸுக்குள் நுழைந்தது. இவர்கள் எதாம்ப் வழியாக ஓர்லேயான் வரை மிதித்தார்கள். ஓர் இரவு ஒரு பண்ணை வீட்டில் இடம் கிடைத்தது, இன்னோர் இரவு மாட்டுத் தொழுவத்தில். பிறகு ரயில் பிடித்துத் தெற்கே பயோன், பியாரிட்ஸ், அங்கிருந்து பிரேசில் பாஸ்போர்ட்டின் தயவில் ஸ்பெயின் எல்லை, லிஸ்பன், கப்பலில் ரியோ, கடைசியில் நியூயார்க். இறங்கியது அக்டோபர் 14. மொத்தம் நான்கு மாதம்.

லிஸ்பனிலிருந்து பிரேசிலில் உள்ள வங்கிக்கு அனுப்பிய தந்தி இந்தக் கதையின் மிகச் சிறிய ஆவணம். மயிரிழையில் தப்பித்தோம், சாமான் எல்லாம் போயிற்று, கையில் போதுமான காசு இல்லை என்பதுதான் விஷயம். தந்தியில் சொல்லுக்குக் காசு என்பதால் மனிதர்கள் புலம்ப முடியாது. நான்கு மாதத்தில் நடந்ததற்கு நீளமான விவரிப்புகள் பல வந்திருக்கின்றன. எனக்கு அந்தத் தந்தியே போதும் என்று தோன்றுகிறது.

இந்த இடத்தில் ஒரு விஷயம். ஜார்ஜ் கதைகள் எல்லாவற்றிலும் ஒரே வகையான திருப்பம் உண்டு. குரங்கு ஏதாவது வம்பில் மாட்டும், ஓடும், கடைசி நிமிடத்தில் தப்பும், சில சமயம் ஊரையே காப்பாற்றும். கண்காட்சிக்கு வைத்த பெயரே 'க்யூரியஸ் ஜார்ஜ் காப்பாற்றினான்' என்கிற மாதிரித்தான். நாஜிகளிடமிருந்து ஓடிய அனுபவம்தான் குரங்கின் ஓட்டமாக மாறியது என்று எவருக்கும் சட்டென்று தோன்றும். ஆனால் தேதிகளை ஒரு முறை பார்த்துவிட வேண்டும். சைக்கிளில் ஏறுவதற்கு முன்பே ஃபிஃபியின் கதை எழுதி, வரைந்து முடிந்திருந்தது. கலிமார் அதற்கு அட்வான்ஸே கொடுத்திருந்தது. அதாவது ஓட்டத்திலிருந்து குரங்கு பிறக்கவில்லை. குரங்கு முதலில் வந்தது.

இன்னும் சொல்லப்போனால், குரங்குதான் அவர்களை ஓட வைத்தது. அந்த அட்வான்ஸ் பணம்தான் பயணச் செலவுக்குக் கை கொடுத்தது. வழியில் அதிகாரிகள் ஜெர்மன் உச்சரிப்பைக் கேட்டுச் சந்தேகப்பட்டுப் பையைத் திறக்கச் சொன்னபோது, உள்ளே இருந்த ஓவியங்கள்தான் சாட்சி சொன்னன. குழந்தைகளுக்குக் குரங்குப் படம் வரைகிறவர்கள் உளவாளிகளாக இருக்க மாட்டார்கள் என்று நம்பினார்கள். புத்தகம் எழுதியவர்களைப் புத்தகம் காப்பாற்றிய கதை என்று உவமைக்காகச் சொல்வது உண்டு. இங்கே அது காசு கணக்காகவும் சோதனைச் சாவடிக் கணக்காகவும் நடந்தது. வாழ்க்கையைக் கதையில் தேடுவதைவிட இது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

வாழ்க்கை பிறகு கதைக்குள் வராமல் இல்லை. 1952-ல் வந்த மூன்றாவது புத்தகத்தில் ஜார்ஜுக்கு ஒரு சைக்கிள் பரிசாகக் கிடைக்கிறது. பேப்பர் போடப் போகிறான், பாதி வழியில் எல்லாப் பேப்பரையும் மடித்துக் கப்பல் விடுகிறான். பாரிஸை விட்டுக் கிளம்பி 12 ஆண்டு ஆகியிருந்தது. அந்தப் பக்கங்களை வரையும்போது ஹான்ஸுக்கு எதுவும் நினைவுக்கு வராமல் இருந்திருக்குமா?

முதல் புத்தகம் 1941-ல் பாஸ்டனின் ஹௌட்டன் மிஃப்லின் வெளியீடாக வந்தது. இங்கிலாந்தில் அப்போது அரியணையில் இருந்தவர் ஆறாம் ஜார்ஜ். குரங்குக்கு மன்னர் பெயர் வைக்க முடியுமா? அங்கே அவன் பெயர் ஸோஸோ. அட்டையில் ஹான்ஸ் பெயர் மட்டும் இருந்தது. கதை, வசனம், அமைப்பு என்று மார்கரெட்டின் வேலை ஒவ்வொரு பக்கத்திலும் இருந்தும் அவர் பெயர் இல்லை. குழந்தை இலக்கியத்தில் பெண்கள்தான் நிறைந்திருக்கிறார்கள், ஆண் பெயர் போட்டால் எடுபடும் என்று பதிப்பாளர் தரப்பு சொன்னதாகவும், அதற்கு ஏன்தான் ஒத்துக்கொண்டேனோ என்று பிறகு தனக்கே கோபம் வந்ததாகவும் மார்கரெட் சொல்லியிருக்கிறார். 1958-ல் வந்த பட்டம் விடும் கதையில் எழுதியவர் மார்கரெட் ரே, படம் ஹான்ஸ் ரே என்று சரியாக அச்சாகியிருக்கிறது. ஹான்ஸ் வரைவதற்காக மார்கரெட் குரங்கு போலத் தாவியும் முகத்தைக் கோணியும் நடித்துக் காட்டுவார். குரங்கின் அந்த உடம்பு மொழியில் பாதி மார்கரெட்டுடையது. சுவரில் பார்க்கும்போது அதையும் மனதில் வைத்துக்கொண்டால் நல்லது.

சரி, மூல ஓவியத்தில் அப்படி என்ன இருக்கிறது, புத்தகத்திலேயே பார்த்தால் ஆகாதா? ஆகாது. ஹான்ஸ் முதலில் வரைந்தவை நீர்வண்ண ஓவியங்கள். அவற்றை அப்படியே அச்சிடுவது அன்று செலவு பிடித்த காரியம். அதனால் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாக ஓவியரே மறுபடி வரைந்து கொடுக்க வேண்டியிருந்தது. நாம் புத்தகத்தில் பார்த்துப் பழகிய ஜார்ஜ், அழுத்தமான நிறங்களும் திட்டமான கோடுகளும் உள்ளவன். நீர்வண்ண ஜார்ஜ் இன்னும் மெல்லியவன், கொஞ்சம் காற்றோட்டமானவன். அந்த முதல் ஓவியங்களோடு ஒரு தனிப் பதிப்பு 1998-ல்தான் வந்தது.

முதல் புத்தகத்திலிருந்து ஒரே ஒரு காட்சி. ஜார்ஜ் பலூன்காரரிடம் ஒரு சிவப்பு பலூன் வேண்டும் என்று கை நீட்டுகிறான். கொத்து மொத்தமும் கையோடு வந்துவிடுகிறது. மேலே, இன்னும் மேலே. வீடுகள் பொம்மை வீடாகவும் மனிதர்கள் பொம்மையாகவும் தெரிகிறார்கள். முதலில் பயமில்லை, அப்புறம் பயம். இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறான். காற்று நின்றதும் மெல்ல இறங்கி ஒரு போக்குவரத்து விளக்கின் மேல் வந்து உட்கார, தெருவே நின்றுவிடுகிறது. கீழே, அவனை ஊருக்குக் கொண்டுவந்த மஞ்சள் தொப்பிக்காரர் நிற்கிறார். ஜார்ஜ் கம்பத்தில் சறுக்கி அவரிடம் இறங்கி வருகிறான். அடுத்து அவர் செய்கிற காரியத்தைப் பாருங்கள்: எல்லா பலூனுக்கும் பலூன்காரருக்குக் காசு கொடுத்துவிடுகிறார். கதைக்கு அந்த வரி தேவையே இல்லை. ஆனால் குழந்தைக்குத் தேவை. எங்கள் வீட்டில் அந்தப் பக்கத்தை வாசித்தபோதெல்லாம் 'பலூன் மாமாவுக்குக் காசு குடுத்தாச்சு' என்று கேட்ட பிறகுதான் மகள் அடுத்த பக்கத்துக்குப் போக விடுவாள்.

அதே புத்தகத்தின் தொடக்கம் இன்று சங்கடப்படுத்துகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஆப்பிரிக்காவில் தன்பாட்டில் இருந்த குரங்கை, மஞ்சள் தொப்பியைக் காட்டி ஏமாற்றி, பைக்குள் போட்டுக் கட்டிக் கப்பலில் கொண்டுபோகிறார் அந்த மனிதர். அடிமை வணிகத்தின் நிழல் அதில் விழுகிறது என்று வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். மிருகக்காட்சிசாலைக்காக விலங்கு பிடித்துக்கொண்டு வருவது சாதாரணமாக இருந்த காலத்தில், அப்படியொரு மிருகக்காட்சிசாலையின் அருகே வளர்ந்தவர் வரைந்தது அது. அந்த விளக்கம் சங்கடத்தைக் குறைக்காது. குழந்தையோடு வாசிக்கும்போது அந்தப் பக்கத்தில் நின்று, 'இப்படிப் பிடிக்கலாமா?' என்று பேசிவிட்டுப் போவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. பக்கத்தைத் தள்ளிவிட்டால் குழந்தை எப்படியும் திரும்பப் புரட்டும்.

1941 முதல் 1966 வரை இருவரும் சேர்ந்து செய்த ஜார்ஜ் புத்தகங்கள் ஏழுதான். மற்றவை பின்னால் மற்றவர்கள் செய்தவை. ஏழாவது புத்தகத்தில் ஜார்ஜ் ஒரு புதிர்ப் படத்தின் துண்டை விழுங்கிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறான். பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையோடு சேர்ந்து செய்த புத்தகம் அது. ஊசிக்கும் எக்ஸ்ரே அறைக்கும் பயப்படும் குழந்தையை முன்கூட்டியே தயார் செய்வதற்காகவே எழுதியது. ஹான்ஸுக்கு இன்னொரு பித்தும் இருந்தது: வானம். நட்சத்திர மண்டலங்களின் படங்களில் கோடுகள் பெயருக்குச் சம்பந்தமே இல்லாமல் கிடக்கின்றனவே என்று, மிதுனம் என்றால் கை கோத்த இரண்டு பேராகவே தெரியும்படி எல்லாவற்றையும் திருத்தி வரைந்து 1952-ல் ஒரு புத்தகம் போட்டார். அந்தக் கோடுகளைப் பார்த்து வானம் கற்றுக்கொண்டவர்கள் ஏராளம்.

இந்த ஓவியங்கள் ஏன் எப்போதும் காட்சியில் இருப்பதில்லை என்று கேட்பவர்கள் உண்டு. காகிதத்தில் தீட்டிய நீர்வண்ணத்துக்கு வெளிச்சமே எதிரி. வெளுத்த நிறம் திரும்ப வராது. அதனால்தான் இம்மாதிரிக் காட்சிக்கூடங்களில் விளக்கு மங்கலாக இருக்கும். சில மாதம் சுவரில் இருந்தால், பிறகு வருடக் கணக்கில் இருட்டுப் பெட்டியில் ஓய்வு. நியூயார்க்கில் முடிந்ததும் அந்தக் கண்காட்சி சான் ஃபிரான்சிஸ்கோ போய், 2011-ல் நிறைவடைந்தது. ஓவியங்களின் நிரந்தர வீடு எதிர்பாராத ஓர் இடத்தில் இருக்கிறது: மிசிசிப்பி மாநிலத்தின் ஹாட்டிஸ்பர்க் நகரிலுள்ள தெற்கு மிசிசிப்பி பல்கலைக்கழகம். 1966-ல் அங்கே லீனா டி க்ரம்மண்ட் என்ற நூலகவியல் பேராசிரியை, மாணவர்களுக்கு அச்சான புத்தகம் மட்டும் போதாது, அது உருவான விதமும் தெரிய வேண்டும் என்று எழுத்தாளர்களுக்கும் ஓவியர்களுக்கும் கடிதம் எழுதிக் கையெழுத்துப் பிரதிகளைக் கேட்டார். அனுப்பியவர்களில் ரே தம்பதியும் உண்டு. ஹான்ஸ் 1977-ல் இறந்தார், மார்கரெட் 1996-ல். எஞ்சிய காகிதங்களையெல்லாம் மார்கரெட் அந்தத் தொகுப்புக்கே எழுதி வைத்துவிட்டுப் போனார். பெரிய அருங்காட்சியகம் இல்லாத ஊர்களுக்காக, இவர்களுடைய போர்க்காலப் பயணத்தைச் சொல்லும் இன்னொரு கண்காட்சியும் உண்டு. மூல ஓவியங்கள் கிடையாது, சட்டமிட்ட அச்சுப் படங்கள்தான். நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமஹா நகரிலிருந்து கிளம்பி நூலகம் நூலகமாகச் சுற்றி வந்திருக்கிறது. குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து நின்று பார்க்க அது போதும்.

ஒரு முறை ரே தம்பதியைப் பார்க்க வந்த சின்னப் பையன் ஒருவன் முகம் தொங்கிப்போய் நின்றானாம். நீங்களும் குரங்காக இருப்பீர்கள் என்று நினைத்தேன் என்றானாம். ஹான்ஸ் இதைச் சந்தோஷமாகச் சொல்லுவார்.

பாரிஸிலிருந்து அந்த சைக்கிள்களில் குரங்கு மட்டும் வரவில்லை. வொயிட்பிளாக் என்ற ஒரு பென்குவினும் வந்தது. பென்குவின் நாட்டு வானொலியில் கதை சொல்லும் வேலை அதற்கு. சொல்லச் சொல்லக் கையிலிருந்த கதைகள் எல்லாம் தீர்ந்துபோக, புதுக் கதை தேடி உலகம் சுற்றக் கிளம்புகிறது. அந்தக் கதையும் 1940-ல் நியூயார்க் வந்து சேர்ந்தது. ஆனால் அச்சாகவில்லை. ஹாட்டிஸ்பர்க் பெட்டிகளிலிருந்து வெளியே வந்து புத்தகமானது 2000-ல். அப்போது அதைக் கையில் எடுத்துப் பார்க்க இருவரில் ஒருவரும் இல்லை.